சஹாராவிலிருந்து சாகாமம் வீதி வரை: வெயிலில் ஓடப் பழகுவது எப்படி?

முதலாந் தவணை தொடங்கியதும் எமது பிரதேசப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆரவாரமும் தொடங்கிவிடும். மைதானத்தில் கோடு போடுவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதுதான் மரதன். சர்வதேச அளவில் மரதன் என்றால் 42.195 கிலோமீற்றர். நாமோ ஐந்து, எட்டு, சில இடங்களில் பத்துக் கிலோமீற்றர் வீதியோட்டத்தையே மரதன் என்கிறோம். தூரம் குறைவுதான். ஆனால் அதற்கு நாம் செய்யும் ஆயத்தம் அதைவிடக் குறைவு.

2024 மார்ச் 11ஆம் திகதி, சாகாமத்துக்கு அடுத்துள்ள திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் நாம் முதல் நோன்பு பிடித்தோம். அக்கரைப்பற்று முதல் கல்முனை வரை அன்று அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசாத வீடு இருக்கவில்லை. அந்த மரணத்தின் காரணத்தையோ பொறுப்பையோ ஆராய்வதற்கு இக்கட்டுரை எழுதப்படவில்லை. அதற்கு வைத்தியத் துறையும் நீதித் துறையும் உண்டு. ஓர் ஆசிரியனாக என்னிடம் எஞ்சியிருப்பது வேறொரு கேள்வி: வெயிலில் நீண்ட தூரம் ஓடுவதற்கு ஒரு மனித உடலை எப்படித் தயார்ப்படுத்துவது? இதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமா?

இந்தக் கேள்விக்கு உலகத்தில் மிகத் தெளிவான விடை வைத்திருப்பவர்கள், பாலைவனத்தில் நாட்கணக்கில் ஓடும் அல்ட்ரா மரதன் ஓட்டக்காரர்கள். அவர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால் எமது எட்டுக் கிலோமீற்றருக்கான பாடமும் அதற்குள் இருக்கிறது.

ஏழு நாட்கள், 250 கிலோமீற்றர்

இவ்வகை ஓட்டங்களில் மிகப் பிரபலமானது மொரோக்கோவின் தென்பகுதிச் சஹாராவில் நடக்கும் மரதன் தே சாப்ல். பிரெஞ்சு மொழியில் 'மணலின் மரதன்' என்று பொருள். பத்ரிக் பவுவர் என்ற பிரெஞ்சுக்காரர் 1984இல் அல்ஜீரியச் சஹாராவில் ஏறத்தாழ 350 கிலோமீற்றரைத் தனியாக 12 நாட்களில் நடந்து கடந்தார். அந்த அனுபவத்திலிருந்து 1986இல் இந்த ஓட்டத்தை ஆரம்பித்தார். முதல் வருடம் ஓடியவர்கள் 23 பேர் மாத்திரமே. இப்போது ஒவ்வொரு வருடமும் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள்.

மொத்தத் தூரம் சுமார் 250 கிலோமீற்றர். அதைப் பல கட்டங்களாகப் பிரித்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஓடவேண்டும். அதில் ஒரு கட்டம் மட்டும் 80 கிலோமீற்றர் அளவில் வரும். உணவு, படுக்கைப்பை, திசைகாட்டி, விசில், கண்ணாடி, விஷம் உறிஞ்சும் கருவி எல்லாவற்றையும் ஓட்டக்காரரே முதுகில் சுமக்கவேண்டும். பையின் எடை 6.5 கிலோவுக்குக் குறையவும் கூடாது, 15 கிலோவுக்குக் கூடவும் கூடாது. ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது 2000 கலோரி உணவு கையில் இருக்கவேண்டும். ஏற்பாட்டாளர்கள் கொடுப்பது தண்ணீரும் படுக்க ஒரு கூடாரமும் வைத்திய உதவியும்தான். கடைசியாக ஒட்டகங்கள் நடந்து வரும். ஒட்டகம் உங்களைக் கடந்துவிட்டால் உங்கள் ஓட்டம் முடிந்தது.

இந்தப் போட்டியில் அதிகம் வென்றவர்கள் மொரோக்கோவைச் சேர்ந்த முஸ்லிம் சகோதரர்கள். பாலைவன ஓரத்து ஊரான ஸாகோராவைச் சேர்ந்த லஹ்சன் அஹன்சால் பத்து முறை முதலிடம் பெற்றார். அவருடைய சகோதரர் முஹம்மத் அஹன்சாலும் பல முறை வென்றிருக்கிறார். அவர்களுக்குப் பின்னர் ரஷீத் அல் மொராபிதி வந்தார். ஐரோப்பாவிலிருந்து விலையுயர்ந்த சப்பாத்துகளோடு வந்தவர்களை இவர்கள் முந்தியதற்கு முக்கியமான ஒரு காரணம், அந்த வெயிலும் மணலும் அவர்களுடைய உடலுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம் என்பதாகும். பழக்கம் என்ற இந்தச் சொல்லைக் கவனியுங்கள். இக்கட்டுரையின் மையமே அதுதான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் ஓடும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவானதே ஓட்டமாக மாறுகிறது. மிகுதி முக்கால்வாசிக்கு மேல் வெப்பமாக வெளிவருகிறது. கணித பாடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது போல ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 55 கிலோ எடையுள்ள ஒரு மாணவன் எட்டுக் கிலோமீற்றர் ஓடினால் 440 கலோரி. அதில் வெப்பமாக மாறுவது சுமார் 340 கலோரி. இந்த வெப்பம் வெளியேறாமல் உடலுக்குள்ளேயே தங்கினால், அவனுடைய உடல் வெப்பநிலை ஏழு பாகை செல்சியஸ் வரை உயரவேண்டும். 37 பாகையிலிருந்து 44க்கு. உயிர் தாங்காது.

அல்லாஹ் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடுதான் வியர்வை. ஒரு லீற்றர் வியர்வை முழுவதுமாக ஆவியானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப் பார்த்தால் அந்த மாணவனுக்கு அரை லீற்றருக்குச் சற்று அதிகமான வியர்வை போதும். ஆனால் ஒரு நிபந்தனை. வியர்வை ஆவியாகவேண்டும். நாடியால் சொட்டி நிலத்தில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தண்ணீர் நட்டம் மட்டும்தான் மிச்சம்.

இங்கேதான் பாலைவனத்துக்கும் எமது கரையோரத்துக்கும் வித்தியாசம் வருகிறது. சஹாராவில் 45, 50 பாகை வெயில் அடித்தாலும் காற்று உலர்ந்தது. வியர்வை தோலில் தெரிவதற்கு முன்பே ஆவியாகிவிடும். எமது பகுதியில் 33, 34 பாகைதான். ஆனால் கடலும் குளமும் வயலும் சேர்ந்து காற்றை ஈரமாக வைத்திருக்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வாடைக்காற்று நின்றுவிடும், கச்சான் இன்னும் தொடங்கியிராது. காற்றசைவில்லாத அந்த நாட்களில் சும்மா கதிரையில் இருந்தாலே சேர்ட் நனைந்துவிடுகிறது. அதாவது வியர்வை ஆவியாகவில்லை என்று அர்த்தம். எனவே 'பாலைவனத்தில் 50 பாகையில் ஓடுகிறார்கள், எமது பிள்ளை 33 பாகையில் ஓடமாட்டானா?' என்று கேட்பது பிழையான கேள்வி. வெப்பமானியின் இலக்கம் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஈரப்பதன் மிகுதிக் கதையைச் சொல்லும்.

சாகாமம் வீதியில் அக்கரைப்பற்றிலிருந்து குளத்துப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வயல். மரநிழல் அருமை. தார் வீதி கீழிருந்து சுடுகிறது, சூரியன் மேலிருந்து சுடுகிறது. வெள்ளாமைக்குப் போகிறவர்கள் சுபஹுக்குப் பின் இறங்கி, வெயில் ஏறமுன் முக்கியமான வேலையை முடித்து, நடுப்பகலில் வாடியில் இருந்துவிட்டு அஸருக்குப் பின் மீண்டும் இறங்குவார்கள். அவர்கள் எந்த விஞ்ஞானமும் படிக்கவில்லை. ஆனால் சரியாகச் செய்கிறார்கள்.

பயிற்சி எப்படிக் கட்டப்படுகிறது?

பாலைவன ஓட்டத்துக்கு ஆயத்தமாகும் ஒருவர் வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் அவர் ஒரு நாளும் 250 கிலோமீற்றரை ஓடிப் பார்ப்பதில்லை. பயிற்சியின் தத்துவம் நான்கு விடயங்களில் அடங்கும்.

முதலாவது, படிப்படியாகக் கூட்டுவது. ஒரு வாரத்தில் ஓடிய தூரத்தைவிட அடுத்த வாரம் பத்து வீதத்துக்கு மேல் கூட்டாமல் இருப்பது ஓட்டப் பயிற்றுநர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு, மூட்டு, தசைநாண் ஆகியவை பழகுவதற்கு மாதங்கள் எடுக்கும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காகத் திடீரெனத் தூரத்தைக் கூட்டுபவர்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

இரண்டாவது, அடுத்தடுத்த நாட்களில் ஓடுவது. பல நாள் ஓட்டத்தின் உண்மையான கஷ்டம், நேற்றைய களைப்போடு இன்று காலை எழும்புவதுதான். அதனால் சனிக்கிழமை நீண்ட தூரம், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நீண்ட தூரம் என்று சேர்த்து ஓடுவார்கள். வாரத்தில் ஓரிரு நாட்கள் முழு ஓய்வும் இருக்கும். ஓய்வு பயிற்சியின் ஒரு பகுதி. உடல் பலம் பெறுவது ஓடும்போதல்ல, ஓடியபின் உறங்கும்போது.

மூன்றாவது, நடக்கப் பழகுவது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் மரதன் தே சாப்லில் பெரும்பாலானோர் கணிசமான தூரத்தை வேகமாக நடந்தே முடிக்கிறார்கள். மணல் மேட்டில் ஓடுவது சக்தியை வீணாக்கும். எப்போது ஓடுவது, எப்போது நடப்பது என்று தெரிந்தவரே கடைசி வரை வருவார். எமது மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஒவ்வொரு வருடமும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் தமிழ்ச் சகோதரர்கள் திருக்கோவில், பொத்துவில் ஊடாக உகந்தைக்குப் போய், அங்கிருந்து குமண, யால காடுகளைப் பல நாட்கள் நடந்து கடக்கிறார்கள். அவர்களில் வயதான தாய்மார் நிறையப் பேர். யாரும் ஓடுவதில்லை. விடியமுன் நடந்து, வெயிலில் மரத்தடியில் தங்கி, பின்னேரம் மீண்டும் நடக்கிறார்கள்.

நான்காவது, வெப்பத்துக்கு உடலைப் பழக்குவது. மற்ற மூன்றையும் செய்துவிட்டு இதை விட்டவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். தினமும் ஒரு மணித்தியாலம் வரை சூட்டில் மிதமான பயிற்சி செய்தால், ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களில் உடல் மாறத் தொடங்குகிறது. இரத்தத்தில் உள்ள நீரின் அளவு கூடுகிறது. அதனால் இதயம் அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்கிறது. வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, அளவும் கூடுகிறது. வியர்வையோடு வெளியேறும் உப்புக் குறைகிறது. குளிர் நாட்டு ஓட்டக்காரர்கள் இதற்காகவே வெந்நீர்த் தொட்டியிலும் சூடாக்கிய அறைகளிலும் பயிற்சி செய்கிறார்கள். இந்தப் பழக்கம் நிரந்தரமானதல்ல. சில வாரங்கள் வெயிலை விட்டு விலகினால் உடல் அதை மறந்துவிடும்.

'நாங்கள் வெயில் நாட்டுக்காரர், எங்களுக்கு ஏன் பழக்கம்?' என்று சிலர் கேட்கலாம். ரியூஷன் வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே மாலை வரை இருந்துவிட்டு, இரவில் கைத்தொலைபேசியோடு விழித்திருக்கும் பிள்ளையின் உடல் வெயிலுக்குப் பழகிய உடல் அல்ல. அவனுடைய வாப்பா வயலில் நின்ற பழக்கம் அவனுடைய இரத்தத்தில் தானாக வராது. ஒவ்வோர் உடலும் தானே பழகவேண்டும்.

தண்ணீர்: குறைந்தாலும் கூடினாலும் ஆபத்து

தண்ணீர் குடிக்காவிட்டால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மிஞ்சிக் குடித்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2002 பொஸ்டன் மரதனில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 வீதமானோருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. இரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்தால் மூளை வீங்கும். குழப்பம், வாந்தி, வலிப்பு வரும். பார்ப்பவர் 'தண்ணீர் போதவில்லை' என்று நினைத்து மேலும் தண்ணீரைக் கொடுப்பார்.

பாலைவன ஓட்டங்களில் தண்ணீர் அளந்து கொடுக்கப்படுவதோடு உப்பும் சேர்த்தே எடுக்கப்படுகிறது. எமது பாடசாலை ஓட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. முதல் நாளிலிருந்து சாதாரணமாகத் தண்ணீர் குடித்து வரவேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு ஓட விடக்கூடாது. ஓடும்போது தாகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் குடிக்கவேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயிற்சி என்றால் ஜீவனி கரைத்த தண்ணீரோ, உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ நல்லது. காற்றடைத்த இனிப்புப் பானங்களும் சக்திப் பானம் என்று கடைகளில் விற்கும் கஃபீன் பானங்களும் ஓட்டத்துக்கு உரியவை அல்ல.

உடை பற்றிய ஒரு தவறான எண்ணம்

எமது பெண்பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மூடிய உடையோடு வெயிலில் எப்படி ஓடுவது என்ற கேள்வி வருகிறது. சஹாராவில் ஓடுபவர்களின் படங்களைப் பாருங்கள். பலர் முழுக் கைச் சட்டையும், கழுத்தை மூடும் துணி தைத்த தொப்பியும் அணிந்திருப்பார்கள். நேரடி வெயில் தோலில் படாமல் இருப்பதே நல்லது என்பது அவர்களுடைய அனுபவம். பாலைவனத்து பதூவிகள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் நேச்சர் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியானது. கறுப்புத் துணி அதிக வெப்பத்தை உறிஞ்சினாலும், அங்கி தளர்வாக இருப்பதால் அந்த மேலதிக வெப்பம் தோலை அடையுமுன் வெளியேறிவிடுகிறது என்றும், வெள்ளை அங்கி அணிந்தவரும் கறுப்பு அங்கி அணிந்தவரும் பெறும் வெப்பம் ஒன்றுதான் என்றும் அதில் காட்டினார்கள்.

எனவே மூடுவது பிரச்சினையல்ல. உடம்போடு ஒட்டும் தடித்த செயற்கைத் துணிதான் பிரச்சினை. மெல்லிய, தளர்வான, காற்றுப் புகும் துணியில் விளையாட்டு உடையைத் தைத்துக் கொடுத்தால் மார்க்கமும் காக்கப்படும், பிள்ளையும் காக்கப்படும். இல்லத்தின் நிறத்தில் கிடைத்த மலிவான துணியை வாங்குமுன் இதைச் சற்று யோசிக்கலாம்.

நிறுத்தத் தெரிவதும் பயிற்சிதான்

1994இல் மவுரோ புரொஸ்பெரி என்ற இத்தாலிய வீரர் மரதன் தே சாப்லில் மணற்புயலில் வழி தவறினார். சுமார் பத்து நாட்கள் அலைந்து, எல்லை கடந்து அல்ஜீரியாவில் உயிரோடு மீட்கப்பட்டபோது அவருடைய எடை 15 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. புயல் வந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்பது விதி. போட்டியில் இருந்த நல்ல இடத்தை இழக்கக்கூடாது என்று அவர் தொடர்ந்து போனார். 2021இல் ஒக்டோபர் மாதத்துக்கு மாற்றி நடத்திய ஓட்டத்தில் கடும் வெயிலும் வயிற்று நோயும் சேர்ந்து ஏறத்தாழ பாதிப்பேர் முடிக்காமல் விலகினார்கள். ஒருவர் உயிரிழந்தார். வைத்தியச் சான்றிதழும் இதயத்தின் ஈ.சீ.ஜீ. பரிசோதனையும் இல்லாமல் யாரையும் அனுமதிக்காத போட்டியிலேயே இப்படி.

ஒரு வளர்ந்த மனிதருக்கே நிற்க மனம் வருவதில்லை என்றால், பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படி வரும்? அவனுக்குப் பின்னால் இல்லத்தின் புள்ளி இருக்கிறது. வீதியோரத்தில் கூட்டாளிமார் 'ஓடுடா, விட்டுராத' என்று கத்துகிறார்கள். எமது ஊர்களில் பாதியில் நின்ற பிள்ளையைக் கேலி செய்யாமல் விடுவதும் குறைவு. ஆகவே நிற்கும் முடிவைப் பிள்ளையின் தலையில் போட முடியாது. அதை எடுக்கும் அதிகாரம் வழியில் நிற்கும் ஆசிரியரிடம் இருக்கவேண்டும். அந்த முடிவை அதிபரும் பெற்றோரும் மதிக்கவேண்டும்.

கவனிக்கவேண்டிய அடையாளங்கள் இவை: தள்ளாடும் நடை, கேட்டதற்குப் பொருத்தமில்லாத பதில், காரணமில்லாத கோபம், குளிர் நடுக்கம், வாந்தி, கடும் தலைவலி. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அவனுடைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

விழுந்துவிட்டால்: முதலில் குளிர்விக்கவேண்டும்

உடல் வெப்பநிலை 40 பாகைக்கு மேல் போய் அறிவு தடுமாறினால் அதைத்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்நிலையில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. விளையாட்டு வைத்தியத்தில் இதற்கு ஒரு விதி உண்டு: முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ. ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குப் பறப்பதுதான் எமது வழக்கம். அந்த இருபது நிமிடமும் பிள்ளையின் மூளை வெந்துகொண்டிருக்கும்.

குளிர்விப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு தறப்பாளில் பிள்ளையைக் கிடத்தி, நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்துத் தொட்டி போலாக்கி, தண்ணீரும் ஐஸும் ஊற்றவேண்டும். தலையை நீருக்கு மேலே பிடித்திருக்கவேண்டும். மீன்பிடி நடக்கும் எமது கரையோரத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. இரண்டு ரெஜிபோம் பெட்டி ஐஸை முடிவிடத்திலும் பாதி வழியிலும் வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்? அதே நேரத்தில் ஒருவர் 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவைக்கு அழைக்கவேண்டும். அறிவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மூச்சோ நாடித்துடிப்போ இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கவேண்டும்.

ஹஜ்ஜுக்குப் போவோருக்கும் இதே பாடம்

இது பிள்ளைகளோடு முடியும் விடயமல்ல. 2024 ஹஜ்ஜில் மக்காவில் வெப்பநிலை 51.8 பாகையைத் தொட்டது. அவ்வருடம் 1,301 பேர் மரணித்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 வீதமானோர் அனுமதிப் பத்திரமின்றி வந்து, தங்குமிட வசதியில்லாமல் வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்கள். மினாவும் அரபாவும் முஸ்தலிபாவும் ஒரு வகையில் பல நாள் பாலைவன நடைதான். எமது ஊர்களில் ஹஜ் வகுப்புகள் நடக்கின்றன. இஹ்ராம், தவாப், ஸஃயீ எல்லாம் படிப்பிக்கப்படுகின்றன. அதோடு, பயணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே தினமும் நடக்கவேண்டும், கடைசி இரண்டு வாரங்களில் வெயிலுக்குச் சற்றுப் பழகவேண்டும், போட்டுப் போகும் செருப்பைப் போட்டே நடந்து பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்தால் எத்தனையோ உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் உதவியாக இருக்கும். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் தமது வைத்தியரிடம் கேட்டே தொடங்கவேண்டும்.

மார்க்கம் வெயிலை அலட்சியம் செய்யவில்லை. கடும் வெப்பத்தில் லுஹர் ஜமாஅத்தைச் சற்றுத் தணிந்த நேரத்துக்குப் பிற்படுத்துவதை 'இப்ராத்' என்று ஃபிக்ஹ் நூல்கள் பேசுகின்றன. தொழுகைக்கே அந்தச் சலுகை உண்டென்றால், மரதன் ஓட்டத்தின் நேரத்தை மாற்ற முடியாதா?

எமது பாடசாலைகள் என்ன செய்யலாம்?

முஸ்லிம் பாடசாலைகளுக்கு ஒரு தனியான சிக்கல் உண்டு. றமழான் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் வருகிறது. 2024இல் மார்ச்சில் தொடங்கிய நோன்பு 2026இல் பெப்ரவரிக்கு வந்துவிட்டது. 2030இல் ஜனவரி ஆரம்பத்திலும் டிசம்பர் இறுதியிலும் இரண்டு முறை வரும். றமழான் விடுமுறைக்கு முன் விளையாட்டுப் போட்டியை முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் பயிற்சிக் காலம் சுருங்கிவிடுகிறது. நோன்புக்குப் பின் வைத்தால், ஒரு மாதம் பகலில் ஓடாத உடலோடு ஏப்ரல் வெயிலில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். இரண்டும் ஆபத்து. வெயில் காலத்தில் வெளிக்கள நடவடிக்கைகளைக் குறைக்கும்படி கல்வி அமைச்சு 2024 பெப்ரவரியிலேயே பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. அறிவுறுத்தல் வருவது ஒன்று. அதைக் கால அட்டவணையாக மாற்றுவது வேறொன்று.

நான் முன்வைப்பவை இவைதான்:

1. மரதன் திகதிக்கு ஆகக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் பெயர்களை எடுக்கவேண்டும். பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர் மட்டுமே ஓடலாம். அன்று காலையில் 'ஆள் போதாது' என்று யாரையும் சேர்க்கக்கூடாது.

2. முதல் இரண்டு வாரம் இருபது நிமிடம் நடையும் மெல்லோட்டமும் கலந்து, வாரத்துக்கு மூன்று நாள். அடுத்த இரண்டு வாரம் முப்பது, நாற்பது நிமிடம். கடைசி இரண்டு வாரங்களில் ஆசிரியரின் கண்காணிப்பில் இளவெயிலில் மிதமான பயிற்சி. போட்டிக்கு முந்திய மூன்று நாட்கள் ஓய்வு.

3. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் பாடசாலை வைத்தியப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடக்கிறது. உயர்தர மாணவர்களே மரதனில் அதிகம் ஓடுகிறார்கள். ஆகவே ஓடுபவர்களுக்காகத் தனியான பரிசோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, இழுப்பு ஆகியவை உண்டா என்று பெற்றோரிடம் எழுத்தில் கேட்கவேண்டும். காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து ஒரு வாரமாகாத பிள்ளை ஓடக்கூடாது.

4. சுபஹ் தொழுகை முடிந்ததும் ஆரம்பித்து, ஏழு மணிக்குள் கடைசிப் பிள்ளையும் வந்து சேரும்படி நேரத்தையும் தூரத்தையும் வைக்கவேண்டும். விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைக்கக்கூடாது.

5. ஒவ்வொரு கிலோமீற்றரிலும் தண்ணீரோடு ஓர் ஆசிரியர் நிற்கவேண்டும். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வரவேண்டும். முடிவிடத்தில் தறப்பாளும் ஐஸும் முதலுதவி தெரிந்தவரும் இருக்கவேண்டும்.

6. பாதியில் நின்ற பிள்ளைக்கும் பங்குபற்றிய புள்ளி கொடுக்கவேண்டும். நின்றால் இல்லத்துக்கு நட்டம் என்ற நிலை மாறினால்தான் பிள்ளை நிற்கும்.

இவற்றில் பெரும் பணம் வேண்டிய விடயம் ஒன்றுமில்லை. வேண்டியது ஆறு வாரத் திட்டமும் இரண்டு பெட்டி ஐஸும்தான். மரதனை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லும் பெற்றோரின் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கைத்தொலைபேசியிலும் போதையிலும் பிள்ளைகள் தொலைந்துபோகும் காலத்தில் வீதியில் ஓடும் ஒரு பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குள் அனுப்புவது தீர்வாகாது. ஓட விடுவோம். ஆனால் பழக்கி ஓட விடுவோம்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பரிசளிப்புக்குப் பிரதம அதிதி யார் என்று பேசுமுன், மரதன் எத்தனை மணிக்கு, பயிற்சி எப்போது தொடங்கியது, ஐஸ் எங்கே வைக்கப்படும் என்ற மூன்று கேள்விகளையும் பெற்றோர் எழுந்து கேளுங்கள். பிள்ளைகள் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.